கிளைக்கலத் தடுப்பூசி: தட்டில் வளருது சரி, நிணநீர்க்கணுவுக்குப் போய்ச் சேருதா?

#1 வாவிக்கரை (நெறியாளர், மட்டக்களப்பு)
வாய்ப்புற்றுநோய் இழைக்குள்ள ரெண்டு நாளா இந்தக் கதை ஓடுது. அங்க சாப்பாடு, கதிர்ச்சிகிச்சை பற்றிக் கேட்கிற ஆக்களுக்கு இடைஞ்சல், அதனால பிரிச்சுப் புது இழையாப் போட்டிருக்கன். வட்ஸ்அப்பில சுத்துற துண்டறிக்கையில "டென்றிற்றிக் கலத் தடுப்பூசி, சொந்த இரத்தத்தில் இருந்து, பக்கவிளைவு இல்லை, எந்தப் புற்றுநோய்க்கும்" என்று கிடக்கு. ஆய்வுகூட வேலை தெரிஞ்ச ஆக்கள் இங்க இருக்கிறீங்க. அந்தக் கலத்தை எப்படி எடுக்கிறது, எப்படி வளர்க்கிறது, எந்த இடத்தில பிழைக்கும், அதை எழுதுங்க. "எங்கட வீட்டில ஒரு ஆளுக்கு" என்ற கதைகள் இங்க வேண்டாம்.

#2 திமிலைதீவு (மட்டக்களப்பு)
கலத்தில இருந்து நாலா பக்கமும் கிளை நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் டென்றிற்றிக் கலம். நான் கிளைக்கலம் என்று எழுதுறன். ஆளின்ர இரத்தத்தில இருந்து அதை வளர்த்து, கட்டியின் புரதத்தைக் கொடுத்து, திரும்ப அந்த ஆளுக்கே ஏற்றுறதுதான் இந்தத் தடுப்பூசி. 1973இல நியூயோர்க் ரொக்கபெல்லர் பல்கலைக்கழகத்தில ரால்ஃப் ஸ்ரைன்மனும் சான்வில் கோனும் எலியின் மண்ணீரலில கண்டது. ஸ்ரைன்மனுக்கு 2011இல நோபல் பரிசு, ஆனா அறிவிப்புக்கு மூன்று நாளைக்கு முதல் கணையப் புற்றுநோயில காலமாகிட்டார். தன்ர கட்டிக்கு எதிராகத் தன்ர கிளைக்கலத்தையே ஏற்றிப் பார்த்தவர். துண்டறிக்கைக்காரர் "நோபல் பரிசு பெற்ற சிகிச்சை" என்று போடுறது இதை வைச்சுத்தான். பரிசு கிடைச்சது கலத்தைக் கண்டதுக்கு, சிகிச்சைக்கு இல்லை.

முந்தின இழையில ஒரு ஆள் இதையும் கார்-ரி சிகிச்சையையும் ஒன்றாப் போட்டுக் குழப்பியிருந்தார். 2023 ஒக்ரோபரில இந்தியாவில அனுமதி கிடைச்ச நெக்ஸ்கார்19 அந்தக் கார்-ரி வகை, அதில போறது மாத்தி அமைச்ச ரி கலம் (நோயெதிர்ப்பு வெண்குழியம்). அது போய் நேரடியாக் கொல்லும். கிளைக்கலம் ஒன்றையும் கொல்லாது. தோலிலயும் சளிச்சவ்விலயும் கிடந்து அந்நியப் புரதத்தை விழுங்கும், துண்டாக்கும், அந்தத் துண்டைத் தன்ர மேற்பரப்பில எச்எல்ஏ (ஆளுக்கு ஆள் வேறுபடுற புரதம்) என்ற தட்டில வைச்சுக்கொண்டு நிணநீர்க்கணுவுக்கு நடந்துபோய் ரி கலத்துக்குக் காட்டும். காட்டுறது மட்டும் போதாது. கூடவே சிடி80, சிடி86 என்ற மேற்பரப்புப் புரதங்களின் கைகொடுப்பும் வேணும், ஐஎல்-12 போல கலம் சுரக்கிற கட்டளைப் புரதமும் வேணும். துண்டு மட்டும் காட்டி மற்ற ரெண்டும் இல்லையென்றால் ரி கலம் அந்தக் கட்டியைச் சகிக்கப் பழகிக்கொள்ளும். 2001இல முதிராத கிளைக்கலத்தில இன்புளுவென்சாப் பெப்தைட்டு (புரதத்தின் சின்னத் துண்டு) ஒன்றைக் கொடுத்து ரெண்டு தொண்டர்களுக்கு ஏற்றிப் பார்த்ததில, அவங்கட உடம்பில ஏற்கெனவே இருந்த இன்புளுவென்சா எதிர்ப்பே அந்தப் பெப்தைட்டுக்கு எதிராக் குறைஞ்சது. "பலன் இல்லாட்டியும் பாதகம் இல்லை" என்ற பேச்சு இந்த இடத்தில எடுபடாது.

#3 மையநீக்கி (கல்முனை)
இரத்தத்தில கிளைக்கலம் ஒரு வீதத்துக்கும் குறைவு, அதைப் பிடிச்சு எடுக்கிறது கஷ்டம். அதனால எல்லாரும் மொனோசைற்று என்ற வெண்குழியத்தை எடுத்துக் கிளைக்கலமாக மாத்துறாங்க. 1994இல சலுஸ்ரோவும் லன்சவெக்கியாவும் காட்டின வழி இதுதான்.

ஆராய்ச்சிக்கு என்றால் 450 மில்லிலீற்றர் இரத்தப் பையின் பஃபி கோட் (சுழற்றினா நடுவில நிற்கிற வெண்குழியப் படை) காணும். சிகிச்சைக்கு என்றால் இயந்திரத்தில வெண்குழியத்தை மட்டும் பிரிச்செடுக்கிறது, அதில ஆளின் முழு இரத்தக் கனவளவைப்போல ஒன்றரை முதல் ரெண்டு மடங்கு இரத்தம் இயந்திரத்துக்குள்ள போய் வரும். ரெண்டு கையிலயும் நல்ல நாளம் வேணும். கீமோ வாங்கின ஆளுக்கு அது கிடைக்காமல் கழுத்தில குழாய் போட வேண்டி வரும். "பக்கவிளைவு இல்லை" என்ற வரி முதல் நாளே உடையுது.

பஃபி கோட்டை உப்புக் கரைசலால (பிபிஎஸ்) ரெண்டு முதல் நாலு மடங்காக ஐதாக்கு. 50 மில்லிலீற்றர் குழாயில 15 மில்லிலீற்றர் ஃபைகொல் (கலங்களை அடர்த்தியால பிரிக்கிற திரவம், அடர்த்தி 1.077), அதுக்கு மேல 35 மில்லிலீற்றர் இரத்தம். குழாயைச் சரிச்சுப் பிடிச்சு, பிப்பெட் நுனியைச் சுவரில ஒட்டி, சொட்டுச் சொட்டா விடணும். இடைமுகம் கலங்கினா அந்தக் குழாய் போச்சு. மையநீக்கியில 400 ஜி (புவியீர்ப்பைப்போல 400 மடங்கு விசை), 30 நிமிடம், 20 பாகை, பிரேக் கட்டாயம் ஓஃப். பிரேக் போட்டா நிற்கிற நேரத்துச் சுழியில படலம் கலைஞ்சு செங்குழியத்தோட சேரும். நின்ற பிறகு மேலே மஞ்சள் பிளாஸ்மா, நடுவில ஒரு மில்லிமீற்றர், ரெண்டு மில்லிமீற்றர் தடிப்பில புகை மாதிரி வெள்ளைப் படலம், கீழே தெளிஞ்ச ஃபைகொல், அடியில செங்குழியம். படலத்தை மட்டும் உறிஞ்சு. ஆசைப்பட்டு ஃபைகொல்லையும் சேர்த்து இழுத்தா கழுவும்போது கலம் அடியில இறங்காது.

எங்கட பக்கத்து வெயிலில நடக்கிற பிழை: ஏசி இல்லாத அறையில 32 பாகையில ஓட்டினா ஃபைகொல் அடர்த்தி குறையும், மொனோசைற்றும் சேர்ந்து கீழே இறங்கிடும், விளைச்சல் போகும். ஃபிரிட்ஜில இருந்து எடுத்த கையோட ஊத்தினா மறுபக்கம், குறுமணிக்குழியம் மேலே தங்கிப் படலத்துக்குள்ள கலந்திடும். இரத்தம் 24 மணித்தியாலம் தாண்டினாலும் அதே கதைதான்.

கழுவும்போது கடைசி ரெண்டு தடவை 200 ஜி, 10 நிமிடம். சிறுதட்டு (இரத்தத்தை உறைய வைக்கிற நுண்துணிக்கை) மேல் நீரோட போகும். சிறுதட்டை விட்டால் மொனோசைற்றில ஒட்டிக்கொண்டு கட்டி கட்டியாக் கிடக்கும்.

மறுகா பிளாஸ்ரிக் தட்டில ஊத்தி 37 பாகையில ஒன்றரை மணித்தியாலம். மொனோசைற்று ஒட்டும், நிணநீர்க்குழியம் மிதக்கும், இளஞ்சூட்டுக் கரைசலால மெதுவாக் கழுவி விடு. ஒட்டினதுக்கு ஆர்பிஎம்ஐ 1640 ஊடகம், கூடவே ரெண்டு சைற்றோகைன் (கலத்துக்குக் கட்டளை கொடுக்கிற புரதம்): ஜிஎம்-சிஎஸ்எஃப் மில்லிலீற்றருக்கு 800 முதல் 1000 அலகு, ஐஎல்-4 500 முதல் 1000 அலகு. 5 வீதக் காபனீரொட்சைட்டு. மூன்றாம் நாள் பாதி ஊடகத்தை மாத்திச் சைற்றோகைனைத் திரும்பப் போடு. ஐஎல்-4 விட்டுப்போனா மக்ரோபேஜ் என்ற விழுங்கிக் கலமாகித் தட்டில பரந்து இறுக்கி ஒட்டிக் கிடக்கும், சுரண்டினாலும் வராது. சரியா வளர்ந்தா ஐந்தாம், ஆறாம் நாளில கொத்துக் கொத்தாக் கழன்று மிதக்கும், ஓரத்தில முக்காடு மாதிரி மெல்லிய விளிம்பு ஆடும்.

#4 ஒலுவில்_உயிரியல் (ஒலுவில்)
காக்கா, எங்கட குறிப்பில 400 ஜி என்று இல்லை, "1500 ஆர்பிஎம்" என்று இருக்கு. ரெண்டும் ஒன்றா? மற்றது, தட்டில ஒட்டுறதா, சிடி14 காந்த மணியா, எது நல்லம்?

#5 மையநீக்கி (கல்முனை)
ஆர்பிஎம் எழுதி வைக்கிறவர் ரோற்றரின் ஆரையை எழுதாட்டி அந்தக் குறிப்பைக் கிழிச்சுப் போடலாம், தம்பி. கணக்கு இது: ஆரை (சென்ரிமீற்றரில்) × ஆர்பிஎம் × ஆர்பிஎம் × 0.00001118. ஆரை 16 சென்ரிமீற்றர் என்றால் 1500 சுற்றில 400 ஜி வரும், குறிப்பு சரி. ஆரை 10 என்றால் அதே 1500இல 250 ஜிதான், செங்குழியம் முழுதா இறங்காது, படலம் சிவப்பா வரும். அந்தச் சின்ன ரோற்றருக்கு 1900 வேணும். ஆரையை அளக்கிறது நடு அச்சில இருந்து, குழாய் கிடையாகப் பறக்கிறபோது அதன் அடி வரைக்கும்.

மொனோசைற்றின் மேலிருக்கிற சிடி14 புரதத்தைப் பிடிக்கிற காந்த மணியில தூய்மை 95 வீதத்துக்கு மேல போகும், ஆனா விலை. படிக்கிறதுக்குத் தட்டு போதும். ஒரு பஃபி கோட்டில 30 முதல் 60 கோடி ஒற்றைக்கருக் கலம், அதில மொனோசைற்று 10 முதல் 20 வீதம். அதில பாதிக்கும் குறைவுதான் கடைசியில கிளைக்கலமா வரும். ஒரு தவணைக்கு ஒரு கோடி வேணுமென்று வை, தரக்கட்டுப்பாட்டுக்குக் கொஞ்சம், உறைய வைச்சு எடுக்கிறதில கொஞ்சம். நாலு, ஐந்து தவணைக்கு ஒரு பை ஏன் காணாது என்று இப்ப விளங்கும்.

ஒன்று விட்டுட்டன். சிகிச்சைக்கு என்றால் கன்றுக்குட்டிச் சீரம் தொடவே கூடாது. கிளைக்கலம் மாட்டுப் புரதத்தையும் விழுங்கித்தான் காட்டும். ஆளுக்கு எதிர்ப்பு நல்லா எழும்பியிருக்கு என்று சந்தோசப்படுவாங்க, அது மாட்டுக்கு எதிரான எதிர்ப்பு. சீரம் இல்லாத ஊடகம் இருக்கு, இல்லாட்டி அந்த ஆளின்ர சொந்தப் பிளாஸ்மா.

#6 திமிலைதீவு (மட்டக்களப்பு)
காக்கா எழுதினதில பிழை இல்லை, ஆனா அது லேசான பாதி. ஆறாம் நாள் தட்டில கிடக்கிறது முதிராத கலம். நல்லா விழுங்கும், நடக்காது. முதிர வைச்சா நடக்கும், விழுங்காது. ஆகவே ஒழுங்கு மாறக்கூடாது. முழுப் புரதமோ கட்டிச் சாறோ என்றால் முதிர வைக்க முதல் கொடுக்கணும். சின்னப் பெப்தைட்டு என்றால் வெளியில இருந்தே எச்எல்ஏயில உட்காரும், முதிர்ந்த பிறகும் கொடுக்கலாம்.

இதில ஒளிஞ்சு கெடுக்கிறது எண்டொரொக்சின், பக்ரீரியாவின் சுவரில இருந்து வாற நச்சு. ஊடகத்திலயோ கண்ணாடிக் குடுவையிலயோ கொஞ்சம் கிடந்தாலே கலம் மூன்றாம் நாளே அரைகுறையா முதிரும். கட்டிச் சாறு போடுற நேரம் வாயை மூடியிருக்கும். உருப்பெருக்கியில அழகா இருக்கும், உயிர்ப்பு 90 வீதம் காட்டும், எல்லாம் சரி மாதிரித் தெரியும், காட்டுறதுக்கு மட்டும் ஒன்றும் இராது. குடுவையை 250 பாகை உலர் சூட்டில அரை மணித்தியாலம் வைச்சாத்தான் எண்டொரொக்சின் அழியும். ஓட்டோகிளேவ் பக்ரீரியாவைக் கொல்லும், எண்டொரொக்சினை விட்டுவிடும்.

முதிர வைக்கிற வழமையான கலவை 1997இல வந்தது: ஐஎல்-1பீற்றா 10 நனோகிராம், ரிஎன்எஃப்-அல்பா 10 நனோகிராம், ஐஎல்-6 1000 அலகு, புரொஸ்ராகிளான்டின் ஈ2 ஒரு மைக்கிரோகிராம், எல்லாம் மில்லிலீற்றருக்கு. 24 முதல் 48 மணித்தியாலம். மொனோசைற்றின் அடையாளமான சிடி14 போயிருக்கணும், முதிர்ச்சியின் அடையாளமான சிடி83, சிடி86, எச்எல்ஏ-டிஆர், கணுவுக்கு வழிகாட்டுற சிசிஆர்7 வந்திருக்கணும்.

என் அபிப்பிராயம்: அந்தக் கலவையில புரொஸ்ராகிளான்டின் ஒரு கையால கொடுத்து மறுகையால பறிக்குது. சிசிஆர்7 ஏறும், கலம் நடக்கும், ஐஎல்-12 விழுந்திடும். நடந்துபோய்ச் சேர்ந்த ஆள் வாய் திறக்காமல் நிற்கிற மாதிரி.

#7 மையநீக்கி (கல்முனை)
போய்ச் சேராத ஆள் வாய் திறந்து என்ன பிரயோசனம், தம்பி? சிசிஆர்7 இல்லாட்டி ஊசி போட்ட இடத்திலயே கிடந்து சாகும்.

#8 திமிலைதீவு (மட்டக்களப்பு)
அதுக்குத்தான் புரொஸ்ராகிளான்டினை எடுத்துப்போட்டு இன்ரபெரோன் அல்பா, காமா சேர்க்கிற கலவை வந்தது. ஐஎல்-12 பல மடங்கு. நடக்கிற சக்தி கொஞ்சம் குறைவு, பூச்சியம் இல்லை. இதில நானும் காக்காவும் ஒத்துவரப்போறதில்லை, விடுவம்.

#9 கல்லடிப்பாலம் (மட்டக்களப்பு)
வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கத்தால வாற வாய்ப்புற்றுநோய்தான் நம்மட பக்கத்தில ஆம்பிளைகளுக்கு அதிகம். அதுக்கு எந்தப் புரதத்தைக் காட்டுவாங்க? துண்டறிக்கையில "பெப்தைட்டு" என்று மட்டும்தான் இருக்கு.

#10 திமிலைதீவு (மட்டக்களப்பு)
அக்கா கேட்டதுதான் முக்கியமான கேள்வி. பெப்தைட்டு என்றால் எந்த எச்எல்ஏக்கு என்று கேட்கணும். வெள்ளைக்காரரில அதிகமான ஏ-02:01 என்ற எச்எல்ஏ வகைக்குப் பொருந்துற மாதிரி வெட்டின பெப்தைட்டுகள்தான் சந்தையில அதிகம். தெற்காசியரில அந்த வகை குறைவு. ஏ-02 குடும்பத்திலயே 02:11, 02:06 கலந்து வரும், அதோட ஏ-11:01, ஏ-24:02, ஏ-33:03 நிறைய. சாவி வேற, பூட்டு வேற. எச்எல்ஏ வகை பார்க்காமல் பெப்தைட்டு போடுறது வெறும் தண்ணியை ஏற்றுற மாதிரி.

கட்டிச் சாறு என்றால் எச்எல்ஏ பற்றிக் கவலை இல்லை, கலம் தனக்குப் பொருந்துறதைத் தானே வெட்டி எடுக்கும். ஆனா அந்த ஆளின்ர கட்டியே வேணும், சத்திரசிகிச்சை நாளிலயே கிருமியில்லாமல் எடுத்து உறைய வைச்சிருக்கணும். போமலினில போட்டது உதவாது, வைத்தியசாலையில கட்டி வழமையாப் போறது போமலினுக்குத்தான். எடுத்ததைத் திரவ நைதரசனில உறைய விட்டு 37 பாகையில உருக்கு, இப்படி ஐந்து ஆறு முறை. பிறகு கதிர் அடிச்சு, முழுக்கலம் ஒன்றும் உயிரோட இல்லை என்று பார்த்து, வடிகட்டி, புரதத்தை அளந்து, மில்லிலீற்றருக்கு 100 மைக்கிரோகிராம் அளவில கொடுக்கிறது. வாய்க்கட்டியில இன்னொரு தலையிடி: வாயில இருக்கிற பக்ரீரியா எல்லாம் சேர்ந்து வரும், எண்டொரொக்சினும் கூடவே.

#11 மாட்டுவைத்தியம் (அம்பாறை)
புற்றுநோய் எனக்குத் தெரியாத சப்ஜெக்ற். உறைய வைக்கிறது பற்றிக் கதைக்கிறீங்க, அதில ஒரு வார்த்தை. செயற்கைச் சினைப்படுத்தலுக்கு விந்துக் குழாய் வைக்கிற நைதரசன் கொள்கலன் நம்மட கால்நடை ஆக்களுக்குப் பழக்கமான சாமான். திரவம் மைனஸ் 196 பாகை. கழுத்துப் பகுதியில வெப்பநிலை படியேறி மேலே அறைச் சூட்டுக்கு வந்திடும். கூடையைக் கழுத்துக்கு மேலே தூக்கிப் பெயர் தேடுற ஒவ்வொரு முறையும் உள்ளே கிடக்கிற மற்றதெல்லாம் மைனஸ் 130ஐத் தாண்டிச் சூடாகும். பார்வைக்கு உறைஞ்ச மாதிரியே இருக்கும், உள்ளே பளிங்கு வளர்ந்து சவ்வைக் கிழிச்சிருக்கும். தூக்காமல், உறைபனிக் கோட்டுக்குக் கீழேயே வைச்சுச் சாமணத்தால எடுக்கணும், எட்டு செக்கனுக்குள்ள முடியணும். உங்கட கலத்துக்கும் இதே சட்டம்தானே?

#12 மையநீக்கி (கல்முனை)
அதே சட்டம்தான் சேர். 10 வீத டிஎம்எஸ்ஓ (உறையும்போது கலத்தைக் காக்கிற திரவம்), நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் இறக்கம், மறுகா நைதரசன் ஆவிக்குள்ள. டிஎம்எஸ்ஓ சேர்த்த பிறகு அறைச் சூட்டில வைச்சுக்கொண்டு கதைக்கக்கூடாது, பத்து நிமிடத்துக்குள்ள உறைப்பானுக்குள்ள போகணும். எடுக்கும்போது 37 பாகைத் தண்ணியில ஒரு சின்ன ஐஸ் துண்டு மிஞ்சிற வரைக்கும் ஆட்டி, உடனே ஊடகத்தைச் சொட்டுச் சொட்டா விட்டு ஐதாக்கணும். உயிர்ப்பு 70 வீதத்துக்குக் கீழே என்றால் அந்தத் தொகுதியை விடுவிக்கிறதில்லை. கரண்ட் போற ஊரில மைனஸ் 80 ஃபிரீசரை நம்பிக் கலம் வைக்கிறதை நான் ஒத்துக்கொள்ளமாட்டன், நைதரசனுக்குக் கரண்ட் தேவையில்லை.

#13 கல்லடிப்பாலம் (மட்டக்களப்பு)
ஊசி போடுற பக்கத்தை நான் எழுதுறன். பெரும்பாலும் தோலுக்குள்ள, பிசிஜி போடுற மாதிரி. 26 அல்லது 27 அளவு ஊசி, சரிவு மேல பார்க்க, தோலோட கிட்டத்தட்டப் படுக்கையா. தோடம்பழத் தோல் மாதிரிப் புள்ளிபுள்ளியா வெள்ளைக் கொப்புளம் எழும்பணும். எழும்பாட்டி தோலுக்குக் கீழே போயிட்டுது. பச்சைப்பிள்ளைக்குப் பிசிஜி 0.05 மில்லிலீற்றர், விசர்நாய்க் கடிக்குத் தோலுக்குள்ள போடுற முறையில ஒரு இடத்துக்கு 0.1 மில்லிலீற்றர். இவ்வளவு சின்ன அளவு போதுமாக இருக்கிறதுக்குக் காரணமே தோலுக்குள்ள காத்துக்கிடக்கிற கிளைக்கலங்கள்தான். தசையில அது குறைவு. அதாவது நம்மட வைத்தியசாலையில ஒவ்வொரு நாளும் நடக்கிறதும் கிளைக்கலத் தடுப்பூசிதான், கலத்தை வெளியில எடுக்காமல் செய்றது.

இடம் முக்கியம். வாய்ப்புற்றுநோய்க்குக் கழுத்தை வெட்டி நிணநீர்க்கணு எல்லாம் எடுத்த ஆளுக்கு, அல்லது கழுத்துக்குக் கதிர் அடிச்ச ஆளுக்கு, அந்தப் பக்கம் போட்டா கலம் போய்ச்சேரக் கணு இல்லை. வெட்டாத பக்கம், கவட்டுக்குக் கிட்ட அல்லது அக்குளுக்குக் கிட்டப் போடணும்.

#14 திமிலைதீவு (மட்டக்களப்பு)
கணு நல்லா இருந்தாலும் தோலுக்குள்ள போட்டதில நூற்றுக்கு ஐந்துகூடப் போய்ச் சேராது. அப்ப நேரா கணுவுக்குள்ள ஸ்கானில பார்த்துப் போடுவம் என்றால், 2005இல நெதர்லாந்துக்காரர் கலத்தில இரும்பு ஒட்டி எம்ஆர்ஐயில பார்த்தாங்க: எட்டுப் பேரில நாலு பேருக்கு ஊசி கணுவுக்குள்ள போகவேயில்லை, சுத்தியிருக்கிற கொழுப்பில கிடந்தது. போட்டவங்க அனுபவமான ஆக்கள்.

2015இல வந்த இன்னொரு வேலை எனக்குப் பிடிச்சது. கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைக்கட்டி உள்ள 12 பேரில ஒரு பகுதிக்குக் கிளைக்கலம் போட முதல் நாள் அதே இடத்தில சாதாரண ஏற்புவலி-டிப்தீரியா ஊசியைக் கொஞ்சம் போட்டாங்க. இடம் சூடாகி, கணுவுக்குப் போற கலத்தின் அளவு கூடினது. மிகச் சின்ன எண்ணிக்கை, அதை மறக்கக்கூடாது. ஆனா லட்சக்கணக்கில செலவழிச்சு வளர்த்த கலத்துக்கு வழி திறந்தது கிளினிக் ஃபிரிட்ஜில கிடக்கிற ஊசி.

#15 ஒலுவில்_உயிரியல் (ஒலுவில்)
அப்ப இதுவரைக்கும் உண்மையில பலன் தந்தது எது?

#16 திமிலைதீவு (மட்டக்களப்பு)
அமெரிக்காவில 2010 ஏப்ரலில அனுமதி கிடைச்ச சிபுலூசல்-ரி, சந்தைப் பெயர் புரொவெஞ். பரவிய, ஹோர்மோனுக்கு அடங்காத புரொஸ்டேட் புற்றுநோய்க்கு மட்டும். 512 பேரில பார்த்த ஆய்வு: நடுமதிப்பு ஆயுள் 25.8 மாதம், ஒப்பீட்டுக் குழுவில 21.7. நாலு மாத வித்தியாசம். கட்டி சுருங்கினது என்று சொல்ல ஏலாது, நோய் முன்னேறுறதும் தாமதமாகவில்லை. ஆயுள் மட்டும் கூடினது. 2010இல விலை 93,000 டொலர், ரெண்டு கிழமைக்கு ஒன்றாக மூன்று ஏற்றம். செய்த கம்பனி 2014இல வங்குரோத்து.

அந்த மருந்துக்கு ஆயுள் 18 மணித்தியாலம். அதுக்குள்ள ஏற்றத் தொடங்கணும். கிருமி வளர்ப்புப் பரிசோதனை முடிய நாட்கள் பிடிக்கும், அதனால முதல் கட்ட முடிவை வைச்சே ஏற்றுவாங்க. மட்டக்களப்பில இருந்து மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு 300 கிலோமீற்றருக்கு மேல. இரத்தம் போகவும் கலம் வரவும் ரெண்டு பயணம், அதுவும் மூன்று தடவை.

மற்றது டிசிவக்ஸ்-எல், கிளியோபிளாஸ்டோமாவுக்கு. 2022 நவம்பரில வெளிவந்த முடிவில 19.3 மாதம், ஒப்பீட்டில 16.5. ஆனா போலி மருந்துக் குழுவில இருந்தவங்களுக்கும் நோய் திரும்பின பிறகு தடுப்பூசி கொடுத்திட்டாங்க, அதால ஒப்பீட்டை வேற ஆய்வுகளில இருந்த நோயாளிகளோட செய்தாங்க. அளவுகோலும் இடையில மாறினது. நான் அதை "இருக்கலாம்" என்ற பெட்டியில வைக்கிறன்.

#17 வாவிக்கரை (நெறியாளர், மட்டக்களப்பு)
துண்டறிக்கையைக் கொண்டு வாற ஆளுக்கு என்ன கேட்கச் சொல்லலாம்? சுருக்கமா.

#18 மையநீக்கி (கல்முனை)
எந்தப் புரதம், எச்எல்ஏ பார்த்தீங்களா, இல்லாட்டி யாருடைய கட்டி, அது எங்க உறைஞ்சு கிடக்கு. ஒரு தவணையில எத்தனை கலம், சிடி83 எத்தனை வீதம், உயிர்ப்பு எத்தனை, அதை எழுத்தில தருவீங்களா. எண்டொரொக்சின், மைக்கொபிளாஸ்மா, கிருமி வளர்ப்பு மூன்றினதும் அறிக்கை. ஊசி எந்த இடத்தில. ஆய்வாக இருந்தா பதிவு இலக்கம், ஆய்வு என்றால் நோயாளியிட்டக் காசு ஏன் வாங்குறீங்க.

#19 கல்லடிப்பாலம் (மட்டக்களப்பு)
அதோட டெக்சாமெதசோன் என்ற ஸ்ரீரொயிட்டு மருந்து போகுதா என்றும் கேட்கணும். கீமோவோட வாந்திக்கும், மூளை வீக்கத்துக்கும் கொடுக்கிறது. கிளைக்கலத்தைச் சகிப்புக் கலமாக மாத்துறதுக்கு ஆய்வுகூடத்தில பாவிக்கிறதே டெக்சாமெதசோனும் விற்றமின் டி3யும்தான். அந்த மாத்திரை போய்க்கொண்டிருக்க இந்த ஊசியைப் போடுறவர் நோயாளியின் பைலைப் பார்க்கவில்லை.

#20 ஒலுவில்_உயிரியல் (ஒலுவில்)
கடைசியா ஒன்று காக்கா. செய்முறைக்கு இரத்தம் கல்முனையில எடுத்து ஒலுவிலுக்குக் கொண்டு வரணும். உறையாமல் வைக்க ஈடிரிஏ குழாயா, ஹெபரினா? ஐஸ் பெட்டியிலயா?

#21 மையநீக்கி (கல்முனை)
ரெண்டும் சரி, எடுத்த உடனே எட்டுத் தரம் மெதுவாக் கவிழ்த்து எடு, குலுக்காத. ஐஸ் வேண்டாம், குளிர்ந்தா சிறுதட்டு கிளம்பும். வெறும் ரெஜிபோம் பெட்டி, உள்ளே 20 பாகை அளவில வைச்ச தண்ணிப் போத்தல் ரெண்டு, குழாயைச் சுத்தித் துவாய். மோட்டார்சைக்கிள் சீட்டுக்குக் கீழே வைக்காத, மத்தியான வெயிலில அதுக்குள்ள 40ஐத் தாண்டும். காலமை எட்டுக்கு எடுத்தா பத்துக்குள்ள ஃபைகொல்லில ஏற்றிடு.